மருந்து எடுக்காத குற்றம்: சீனி வருத்தத்தின் நூறு வருடக் கதை

“மருந்து ஒழுங்கா எடுக்கிறேல்லை.”

எங்கட ஊர்களில் சீனி வருத்தம் உள்ள ஒருவரைப் பற்றி ஆரும் கதைக்கத் தொடங்கினால், மூன்றாவதோ நாலாவதோ வசனமாக இது வந்துவிடும். காலில் புண் ஆறாவிட்டாலும், கண் மங்கினாலும், சிறுநீரகம் பழுதாகி டயலிசிஸ் வரை போனாலும் இதே வசனம்தான். சொல்பவர் டொக்டராக இருக்கலாம், மகளாக இருக்கலாம், செத்த வீட்டுக்கு வந்த தூரத்து உறவினராகவும் இருக்கலாம். யாரைப் பற்றிச் சொல்லப்படுகிறதோ அவர் பெரும்பாலும் பேசாமல் இருப்பார்.

அந்த வசனம் பொய் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மருந்தைத் தவறவிடுவது உண்மை. அதனால் கால்களும் கண்களும் போவதும் உண்மை. ஆனால், ‘ஏன் எடுக்கவில்லை?’ என்ற கேள்விக்கு எங்களிடம் ஆயத்தமாக இருக்கும் பதில்கள் இரண்டுதான்: சோம்பல் அல்லது அறியாமை. நீரிழிவு மருந்துகளின் நூறு வருட வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறு பதில்கள் கிடைக்கின்றன. மருந்து எத்தனை முறை எடுக்க வேண்டியிருந்தது, என்ன விலை, கடைக்கு வந்ததா, அதை நம்ப முடிந்ததா, நோயாளியிடம் எப்படிக் கேட்டார்கள் என்பவை எல்லாம் அந்த வரலாற்றில் இருக்கின்றன. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

பட்டினி போட்ட காலம்

இன்சுலின் வருவதற்கு முந்திய சில வருடங்களில் இருந்து தொடங்குவோம். 1910களில் அமெரிக்காவில் பிரடெரிக் அலன் என்ற மருத்துவர், நீரிழிவுக்கு ஒரு சிகிச்சையை முன்வைத்தார். சிறுநீரில் சீனி மறையும் வரை நோயாளியைப் பட்டினி போடுவது. மறைந்த பிறகு உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சீனி திரும்பத் தெரிந்தவுடன் மறுபடி குறைப்பது. பிள்ளைகள் சிலருக்கு ஒரு நாளைக்குச் சில நூறு கலோரி மட்டுமே கிடைத்தது. குரூரமாகத் தெரிந்தாலும், அன்றைக்கு இருந்ததில் இதுதான் சிறந்த வழி. இல்லாவிட்டால் பிள்ளைகள் சில மாதங்களில் இறந்துவிடுவார்கள். பட்டினி கிடந்தால் இன்னும் ஒன்றிரண்டு வருடம் கிடைக்கும்.

அலன் எழுதிவைத்த குறிப்புகளில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். வருத்தத்தால் கண்பார்வை போனவன். கடும் உணவுக் கட்டுப்பாட்டில், ஆட்களின் கண்காணிப்பில் இருந்தான். ஆனாலும் அவனது சிறுநீரில் சீனி வந்துகொண்டே இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தார்கள். பற்பசையையும், கூட்டில் இருந்த கனேரிக் குருவிக்கு வைத்த தீனியையும் அவன் தின்றிருந்தான். நெடுநாள் மறுத்த பிறகே ஒப்புக்கொண்டான் என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. பிறகு அவன் இறந்துபோனான்.

குறிப்பு எழுதப்பட்டிருக்கும் மொழியைக் கவனியுங்கள். மறுத்தான், ஒப்புக்கொண்டான். இவை பொலிஸ் நிலையத்துச் சொற்கள். பார்வையற்ற ஒரு பிள்ளை குருவித் தீனியைத் தடவி எடுத்துத் தின்னும் அளவுக்குப் பசித்திருந்தது. மருத்துவக் குறிப்பில் அது பிடிபட்ட களவாகப் பதிவாகிறது. சிகிச்சையின் கடுமை கணக்கில் வரவில்லை, நோயாளியின் மீறல்தான் வந்தது. எங்கட வீடுகளில் பிஸ்கற் ரின்னை ஒளித்து வைக்கும்போதும், அப்பப்பா களவாகத் தேத்தண்ணிக்குச் சீனி போட்டதைக் கண்டுபிடிக்கும்போதும் இந்த மொழியின் மிச்சத்தைத்தான் நாங்கள் கதைக்கிறோம்.

ஊசி வந்தது, கட்டளையும் வந்தது

1922 ஜனவரி 11 இல் கனடாவின் ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாகக் கணையச் சாறு ஊசியாகப் போடப்பட்டது. அது சரிவரவில்லை. சாறு சுத்தமில்லாததால் ஊசி போட்ட இடம் வீங்கிச் சீழ் கட்டியது. ஜேம்ஸ் கொலிப் அதைச் சுத்திகரித்துக் கொடுத்த பிறகு ஜனவரி 23 இல் மீண்டும் போட்டார்கள். இம்முறை சீனி இறங்கியது. சாகக் கிடந்த பிள்ளை இன்னும் 13 வருடம் வாழ்ந்தான். பிரடெரிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற், கொலிப் மூவரும் இன்சுலினின் காப்புரிமையைத் தலா ஒரு டொலருக்கு ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்கு விற்றார்கள். 1923 இல் பான்ரிங்குக்கும் ஜோன் மக்லியட்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கதை வழக்கமாக இந்த இடத்தில் கைதட்டலோடு முடியும். நோயாளிக்கோ கதை இங்கேதான் தொடங்கியது. இன்சுலின் வருத்தத்தைக் குணப்படுத்தவில்லை. இறக்க இருந்தவரை, வாழ்நாள் முழுக்க மருந்தெடுக்கும் ஒருவராக மாற்றியது. ஒருநாளைக்குப் பல தடவை ஊசி. கண்ணாடிச் சிறிஞ்சை ஒவ்வொரு முறையும் அவிக்க வேண்டும். மழுங்கிய ஊசியைக் கல்லில் தீட்டித் திரும்பப் பாவிக்க வேண்டும். இதை வீட்டில், தன் கையால், தானே செய்ய வேண்டும். மருத்துவ வரலாற்றில் இவ்வளவு வேலையை நோயாளியின் கையில் ஒப்படைத்த மருந்து அதற்கு முன்பு வந்ததில்லை என்றே சொல்லலாம்.

அந்த வேலையைச் செய்தவர்களில் ஒருவர் எலிசபெத் ஹியூஸ். அமெரிக்க வெளியுறவுச் செயலராக இருந்த சார்ள்ஸ் எவன்ஸ் ஹியூஸின் மகள். அலனின் பட்டினிச் சிகிச்சையில் மூன்று வருடம் தாக்குப்பிடித்து, 1922 ஓகஸ்டில் பான்ரிங்கிடம் கொண்டுவரப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது ஆகப்போகிறது. நிறையோ ஏறத்தாழ 20 கிலோ. பிறகு அவர் படித்தார், கலியாணம் செய்தார், மூன்று பிள்ளைகள் பெற்றார், 1981 வரை வாழ்ந்தார். அந்த 58 வருடங்களில் அவர் போட்ட ஊசிகள் சுமார் 42,000 என்று கணக்கிடுகிறார்கள்.

மருந்தைக் கடைப்பிடித்தவர்களுக்கு உதாரணம் தேடினால் இவரைவிட நல்ல ஆள் கிடைக்காது. ஆனால் எலிசபெத் தன் வருத்தத்தை வெளியில் சொல்லாமலே வாழ்ந்தார். தகப்பனின் ஆவணங்களில் தன் நோயைப் பற்றி இருந்த இடங்களைக்கூட அகற்றினார். உலகப் புகழ்பெற்ற முதல் நோயாளிகளில் ஒருவருக்கே வெட்கம் இருந்திருக்கிறது என்றால், கலியாணம் பேசும் வீட்டில் இன்சுலின் போத்தலை ஒளித்துவைக்கும் எங்கட அக்காமாரைப் பற்றி என்ன சொல்வது? எலிசபெத்துக்கு வசதி இருந்தது, நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள், தனி அறை இருந்தது. அதனால் ஒளித்தபடியே ஊசியும் போட முடிந்தது. கடையிலும் வகுப்பறையிலும் கார்மென்ற் தொழிற்சாலையிலும் நிற்கிறவர்கள் ஒளிக்க நினைத்தால், ஊசியைத் தவறவிடத்தான் வேண்டியிருக்கும்.

அதே காலத்தில் பொஸ்ரனில் எலியட் ஜொஸ்லின் என்ற மருத்துவர் நோயாளிகளுக்கே பாடம் நடத்தத் தொடங்கியிருந்தார். அவர்களுக்காக 1918 இல் ஒரு கைநூல் எழுதினார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி என்ற மூன்று குதிரைகளைக் கட்டி ஓட்டும் தேரோட்டிதான் நோயாளி என்பது அவரது உவமை. நீரிழிவோடு 25 வருடம், பிறகு 50 வருடம் என்று தாண்டியவர்களுக்குப் பதக்கம் கொடுக்கும் வழக்கமும் அவரது மருத்துவ நிலையத்தில் இருந்து வந்தது. நோயாளிக்கு விஷயம் விளங்க வேண்டும் என்று அவர் நினைத்தது அன்றைக்குப் பெரிய மரியாதை. சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்தால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்று அவர் சொன்னதும் சரியாகவே இருந்தது. ஆனால் பதக்கம் என்று ஒன்று இருந்தால், கிடைக்காதவர் என்றும் ஒருவர் இருப்பார். தேர் கவிழ்ந்தால் தேரோட்டியைத்தான் பார்ப்பார்கள். குதிரைக்குத் தீனி இருந்ததா என்று பார்ப்பவர் குறைவு.

மனிதருக்காக மாறிய மருந்து

எல்லாரும் நோயாளியைத் திருத்தப் பார்த்துக்கொண்டிருக்க, சிலர் மருந்தைத் திருத்தப் பார்த்தார்கள். டென்மார்க்கில் ஹான்ஸ் கிறிஸ்ரியன் ஹேகடோர்ன் அப்படியொருவர். அங்கே இன்சுலின் போய்ச்சேர்ந்ததே ஒரு குடும்பக் காரணத்தால்தான். நோபல் பரிசு பெற்ற உடலியலாளர் ஓகஸ்ட் குறோக்கின் மனைவி மரீ குறோக்கும் மருத்துவர், அவருக்கு நீரிழிவு. அவரது தூண்டுதலால் குறோக் 1922 இல் ரொறன்ரோவுக்குப் போய், இன்சுலின் தயாரிக்கும் அனுமதியோடு திரும்பினார். ஹேகடோர்ன் அவரோடு சேர்ந்து உழைத்தவர்.

இன்சுலினோடு புரோட்டமின் என்ற மீன் புரதத்தைச் சேர்த்தால் அது தோலுக்கடியில் மெல்ல மெல்லக் கரையும் என்று ஹேகடோர்ன் 1936 இல் காட்டினார். பத்து வருடம் கழித்து, 1946 இல், அவரது ஆய்வுகூடத்தில் இருந்தே என்.பி.எச். என்ற இன்சுலின் வந்தது. அதில் உள்ள ‘எச்’ அவரது பெயரின் முதலெழுத்து. ஒரு நாளைக்கு மூன்று நாலு ஊசி போட்டவர்கள் ஒன்றுக்கோ இரண்டுக்கோ இறங்கினார்கள். எங்கட கிளினிக்குகளில் ‘மிக்ஸ்டாட்’ என்று கொடுக்கும் கலவை இன்சுலினில் 70 வீதம் இந்த வகைதான். 1960களில் ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்ரிக் சிறிஞ்சுகள் பரவின. 1985 இல் பேனை வடிவ ஊசி வந்தது. அவிக்கிற வேலையும் தீட்டுகிற வேலையும் இல்லாமல் போயின. ஆரும் நோயாளிகளை ஏசித் திருத்தவில்லை. வேலை குறைந்தது, கடைப்பிடிப்பது லேசானது.

குளிசைகளின் கதையும் அப்படித்தான். 1942 இல் பிரான்சின் மொன்பெலியே நகரில் நெருப்புக் காய்ச்சலுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்த மார்செல் ஜான்பொன், நோயாளிகளின் சீனி ஆபத்தாக இறங்குவதைக் கண்டார். ஒகுஸ்த் லூபத்தியேர் அதை ஆராய்ந்தார். அந்தப் பாதையில் 1950களின் நடுவில் ரொல்பியூட்டமைட் போன்ற குளிசைகள் வந்தன. 1957 இல் பாரிசில் ஜோன் ஸ்தேர்ன் மெற்ஃபோர்மினை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். ஐரோப்பாவில் நெடுங்காலமாக நாட்டு மருந்தாக இருந்த கலேகா என்ற செடியில் இருந்து தொடங்கிய ஆராய்ச்சியின் பலன் அது. இன்றைக்கு எங்கட வீடுகளில் அதிகமாக இருக்கும் சீனிக் குளிசை அதுதான். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு இப்போது ஒரு வழி இருந்தது.

பயம் எங்கிருந்து வந்தது?

“உந்தக் குளிசை போட்டா கிட்னி பழுதாப் போகும்.” “இன்சுலின் தொடங்கினா அதோட முடிஞ்சுது.” இதை நாங்கள் எல்லாரும் கேட்டிருப்போம். இவற்றை ‘சனத்தின்ர மூடநம்பிக்கை’ என்று தள்ளிவிடுவது லேசு. ஆனால் மருந்தின் மீதான பயத்துக்கு மருத்துவமும் பொறுப்பு.

1960களில் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடத்தின. குளிசை போடுபவர்களுக்கு நெடுங்காலத்தில் நன்மை கிடைக்கிறதா என்று பார்ப்பது நோக்கம். 1970 இல் வந்த முடிவு எல்லாரையும் கலக்கியது. ரொல்பியூட்டமைட் எடுத்தவர்களிடையே இதயநோய் இறப்புகள் கூடுதலாக இருந்தன. மருத்துவச் சஞ்சிகையில் வருமுன்பே செய்தி பத்திரிகைகளில் கசிந்தது. டொக்டர்மாருக்கே தெரியாத விஷயத்தை நோயாளிகள் பேப்பரில் வாசித்தார்கள். ஆய்வு சரியா பிழையா என்று மருத்துவர்கள் வருடக்கணக்கில் சண்டை பிடித்தார்கள். ஆய்வின் மூலத் தரவுகளைக் கேட்ட வழக்கு 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. இதற்கிடையில் 1977 இல், மெற்ஃபோர்மினின் உறவு மருந்தான ஃபென்ஃபோர்மின், இரத்தத்தில் லக்ரிக் அமிலத்தைக் கூட்டி உயிரை எடுக்கிறது என்று அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. அந்தக் கெட்ட பெயரின் நிழல் மெற்ஃபோர்மின் மீதும் விழுந்தது. 1958 இலேயே பிரித்தானியாவில் பாவனைக்கு வந்த அந்தக் குளிசைக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது 1994 இன் கடைசியில்தான்.

‘கிட்னி’ பயத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது. மெற்ஃபோர்மின் உடம்பை விட்டு சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. சிறுநீரகம் பலவீனமானால் டொக்டர் அளவைக் குறைப்பார், பிறகு நிறுத்துவார். வீட்டில் இருப்பவர்கள் காண்பது, கிட்னி பழுதானதும் குளிசையை நிறுத்தியதும் அடுத்தடுத்து நடப்பதை. ஆகவே குளிசைதான் பழுதாக்கியது என்று முடிவெடுக்கிறார்கள். உண்மையில் பழுதாக்கியது கட்டுப்படாத சீனி. இன்சுலின் விஷயமும் அப்படியே. எல்லா மருந்தும் கைவிட்ட பிறகு கடைசியாக இன்சுலினை எழுதினால், இன்சுலின் தொடங்கியவர்கள் கெதியாகச் சாகிறார்கள் என்றுதான் ஊர் கணக்குப் போடும். நிறுத்தும்போது ஏன் நிறுத்துகிறோம், தொடங்கும்போது ஏன் தொடங்குகிறோம் என்று இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் இந்தக் கணக்கில் பாதி பிழைத்திருக்காது.

கீழ்ப்படிதல் என்ற சொல்

1970களில் கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் டேவிட் சக்கெற், பிரையன் ஹேன்ஸ் ஆகியோர் இந்த விஷயத்தை ஒரு ஆய்வுத்துறையாகவே ஆக்கினார்கள். அவர்கள் பாவித்த சொல் ‘கொம்ப்ளையன்ஸ்’. தமிழில் சொன்னால் கீழ்ப்படிதல், இணங்கி நடத்தல். டொக்டர் சொன்னதை நோயாளி எவ்வளவு செய்தார் என்பதே அளவுகோல்.

அவர்களது 1975 ஆய்வு ஒன்று எங்களுக்கு முக்கியமானது. அது நீரிழிவு பற்றியதல்ல, உயர் இரத்த அழுத்தம் பற்றியது. ஆனால் இரண்டுமே வலியில்லாமல் உள்ளே அரிக்கும் நெடுநாள் வருத்தங்கள், இரண்டுக்குமே தினசரிக் குளிசை. ஹமில்ற்றன் நகர உருக்குத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வருத்தத்தைப் பற்றி நன்றாகப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் அவர்களுக்குப் பிடிபட்டது. ஆனால் பாடம் படிக்காதவர்களைவிட அவர்கள் குளிசையைக் கூடுதலாக எடுக்கவில்லை. ‘அறியாமைதான் காரணம்’ என்ற எண்ணத்துக்கு ஐம்பது வருடங்களுக்கு முன்பே விழுந்த அடி அது. எங்கட கிளினிக் சுவர்களில் இன்றைக்கும் ஒட்டப்படும் சுவரொட்டிகளை அதன் பிறகு பார்த்தால் கொஞ்சம் பாவமாக இருக்கும்.

நோயாளியைக் கண்காணிக்கும் கருவியும் அதே காலத்தில் கிடைத்தது. 1960களின் கடைசியில் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர், நீரிழிவுக்காரரின் செங்குருதியில் சீனி ஒட்டிய ஒரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதைக் கண்டார். அதுதான் இன்றைய எச்.பி.ஏ.1.சி பரிசோதனை. கடைசி இரண்டு மூன்று மாதச் சராசரியை அது காட்டிவிடும். கிளினிக்குக்கு முதல் மூன்று நாள் சோற்றைக் குறைத்து, குளிசையைத் தவறாமல் போட்டு, ‘நல்ல ரிப்போட்’ எடுக்கும் வித்தை அதோடு முடிந்தது. சிகிச்சைக்கு அது பெரிய உதவி. பிடித்துக்கொடுக்கும் சாட்சியாகவும் அது ஆனது. எண் கூடிவிட்டால் முதலில் வருவது விசாரணைதான்.

பணயம் எவ்வளவு பெரியது என்று நிரூபணமானது 1990களில். முதலாம் வகை நீரிழிவுள்ள 1,441 பேரை வைத்து வட அமெரிக்காவில் நடந்த ஆய்வு 1993 இல் முடிவைச் சொன்னது: சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால், கண்ணில் இன்னும் பாதிப்புத் தொடங்காதவர்களுக்கு விழித்திரை நோய் வரும் ஆபத்து 76 வீதம் குறைகிறது. இரண்டாம் வகையில் பிரித்தானியாவின் 5,000 க்கு மேற்பட்டவர்களை வைத்து இருபது வருடம் நடந்த ஆய்வு 1998 இல் வந்தது. கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் அங்கே கால்வாசி குறைந்திருந்தன. ஜொஸ்லின் சொன்னது சரி என்று உறுதியானது. முதலாவது ஆய்வில் இருந்தவர்களுக்கு அடிக்கடி சந்திக்கும் தாதியரும், உணவு ஆலோசகரும், தொலைபேசியில் பதில் சொல்லும் குழுவும் இருந்தார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

1997 இல் பிரித்தானிய மருந்தாளர்களின் சங்கம் ‘கீழ்ப்படிதல்’ என்ற சொல்லை விட்டு ‘உடன்பாடு’ என்ற எண்ணத்துக்குப் போவோம் என்றது. நோயாளியும் மருத்துவரும் பேசி ஒத்துக்கொண்ட சிகிச்சை என்பது அதன் பொருள். 2003 இல் உலக சுகாதார நிறுவனம் நெடுநாள் வருத்தங்களுக்கான மருந்தைக் கடைப்பிடிப்பது பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. பணக்கார நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப்பேர்தான் ஒழுங்காக எடுக்கிறார்கள், ஏழை நாடுகளில் அதைவிடக் குறைவு என்றது. காரணங்களை நோயாளி, நோய், சிகிச்சை, சுகாதார அமைப்பு, சமூக பொருளாதார நிலை என்று ஐந்தாகப் பிரித்தது. நோயாளி அந்த ஐந்தில் ஒன்றுதான்.

எங்கட தீவில்

மிச்ச நாலும் என்னவென்று எங்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை, வாழ்ந்து பார்த்தவர்கள் நாங்கள்.

நல்லதில் இருந்து தொடங்கலாம். 1971 இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பல வணிகப் பெயர்களில் பல விலைகளில் வருவதை நிறுத்தி, தேவையான மருந்துகளை மூலப் பெயரில், மொத்தமாக, உலகச் சந்தையில் மலிவாக வாங்கும் வழியை அவர் ஏற்படுத்தினார். 1977 இல் ஐ.நா. பணியில் கயானாவில் இருந்தபோது இறந்தார். அவரது எண்ணம் பல நாடுகளுக்குப் போனது. அரச வைத்தியசாலையில் மெற்ஃபோர்மினும் இன்சுலினும் காசில்லாமல் கிடைப்பது எங்களுக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. உலகின் பல இடங்களில் அது கனவு. காப்புரிமை ஒரு டொலருக்கு விற்கப்பட்ட இன்சுலினையே, விலை கட்டாமல் அளவைக் குறைத்துப் போடுகிறவர்கள் அமெரிக்காவிலேயே இருக்கிறார்கள்.

ஆனால் இலவசம் என்றால் செலவில்லை என்று அர்த்தமில்லை. விடிய முதல் பஸ், வெறுவயிற்றில் இரத்தம் கொடுக்க ஒரு வரிசை, டொக்டருக்கு ஒரு வரிசை, மருந்துக்கு ஒரு வரிசை. கூலிவேலைக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போய்விடும். டொக்டருக்கு முன்னால் கிடைப்பது சில நிமிடம். மருந்துத் துண்டு ஆங்கிலத்தில். போன மாதம் வெள்ளையாக, நீளமாக இருந்த குளிசை இந்த மாதம் வட்டமாக வந்தால் அதே மருந்துதானா என்று கேட்க ஆளில்லை. கேட்காமல் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்.

பிறகு போர். 1990 இல் வடக்கில் பொருளாதாரத் தடை வந்தது, மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டதையும், ஜாம் போத்தல் விளக்கில் படித்ததையும் எங்கட பெற்றோர் பகிடியாகச் சொல்வார்கள். அதே வீடுகளில் இன்சுலின் போடுகிறவர்களும் இருந்தார்கள். குளிரூட்டி இல்லாத வெக்கையில் இன்சுலின் மெல்ல மெல்ல வலுவிழக்கும். போத்தலைப் பார்த்தால் தெரியாது. ஒழுங்காக ஊசி போட்டும் சீனி ஏறும். மருந்து, பாதுகாப்பு அமைச்சின் அனுமதியில் தங்கியிருந்தது. யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரி செஞ்சிலுவையின் பாதுகாப்பில் இயங்கியது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தில் இருந்து லட்சக்கணக்கான சனம் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து நடந்தது. கையில் எடுத்தது பிள்ளை, காணி உறுதி, கொஞ்ச உடுப்பு. கிளினிக் கொப்பி எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? 2009 இல் வன்னியில் என்ன நடந்தது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. ‘தினமும் காலை, இரவு, சாப்பாட்டுக்குப் பின்’ என்று எழுதப்பட்ட மருந்துக்குக் காலையும் இரவும் சாப்பாடும் இருக்க வேண்டும்.

இந்தக் காலம் எந்தக் கணக்கிலும் சரியாக வரவில்லை. 2005–2006 இல் நடந்த தேசிய அளவிலான நீரிழிவு ஆய்வு, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு என்றது. அவர்களில் மூன்றில் ஒருவருக்குமேல் வருத்தம் இருப்பதே தெரியாமல் இருந்தார்கள். நல்ல ஆய்வு, இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அது நடந்தது ஏழு மாகாணங்களில். போர்ச் சூழலால் வடக்கும் கிழக்கும் அதில் இல்லை. எத்தனை பேருக்கு வருத்தம் என்றே எண்ணப்படாத இடத்தில், எத்தனை பேர் மருந்தைத் தொடர்ந்தார்கள் என்று கேட்பது அடுத்த கதை.

2022 இல் நாடு முழுக்கவும் அதன் ருசியைக் கொஞ்சம் பார்த்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350 ஐத் தாண்டியது. வைத்தியசாலைகளில் மருந்து முடிந்தது, ‘வெளியில வாங்குங்கோ’ என்று துண்டு கொடுத்தார்கள். வெளியில் விலை ஏறிக்கொண்டிருந்தது, சில மருந்துகள் அங்கேயும் இல்லை. பஸ்ஸுக்கு டீசல் இல்லை. இந்த நிலையில் ஒருவர் இரண்டு குளிசையை ஒன்றாக்கினால், ஒன்றுவிட்டு ஒருநாள் போட்டால், மனைவியும் கணவனும் ஒரு காட் குளிசையைப் பங்கிட்டால், அதை எந்தச் சொல்லால் சொல்வது? கிளினிக் கொப்பியில் அதற்கும் இருப்பது அதே வசனம்தான்: மருந்து ஒழுங்காக எடுக்கவில்லை.

இனி என்ன கேட்பது?

இதையெல்லாம் சொல்லி, எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்று முடிக்க எங்களால் முடியாது. 1990களின் ஆய்வுகள் சொன்னது இங்கேயும் பொருந்தும். தவறும் ஒவ்வொரு மாதமும் கண்ணிலும் காலிலும் கணக்காக எழுதப்படுகிறது. பாவற்காய்ச் சாறும் கறுவாத் தண்ணியும் குடித்துக்கொண்டு குளிசையை நிறுத்துகிறவர்கள் தங்கள் மேலேயே ஒரு பரிசோதனை நடத்துகிறார்கள். இன்சுலினைத் தாங்களாக நிறுத்துவது முதலாம் வகைக்காரருக்குச் சில நாட்களில் உயிராபத்து.

ஆனால் நூறு வருடத்தில் எது உதவியது என்று பார்த்தால் ஏச்சு அந்தப் பட்டியலில் இல்லை. ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது உதவியது. காசில்லாமல் மருந்து கிடைத்தது உதவியது. கேள்வி கேட்க ஆள் இருந்தது உதவியது. வீட்டில் இருக்கும் நாங்கள் செய்யக்கூடியதும் அந்த வழியிலேயே இருக்கிறது.

‘போட்டனியளா?’ என்று தினமும் விசாரிப்பதைவிட, ‘இதில எது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு?’ என்று ஒருநாள் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். மெற்ஃபோர்மின் வயிற்றைக் குழப்புகிறது என்று வரலாம். அப்படியென்றால் சாப்பாட்டோடு எடுக்கலாம், அளவை மெல்லக் கூட்டலாம், மெல்லக் கரையும் வகை இருக்கிறதா என்று டொக்டரைக் கேட்கலாம். சீனி இறங்கி ஒருமுறை மயங்கியதால் பயம் என்று வரலாம். அது டொக்டருக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய செய்தி. ஊசி குத்தக் கண் தெரியவில்லை, ஆறு வகைக் குளிசையில் எது எதென்று விளங்கவில்லை, மாதக்கடைசியில் பஸ்ஸுக்குக் காசில்லை என்றும் வரலாம். இவை ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வழி உண்டு. ‘ஒழுங்கா எடுக்கிறேல்லை’ என்பதற்கு வழி எதுவும் இல்லை.

டொக்டருக்கு இருக்கும் சில நிமிடத்தில் அம்மம்மா இதையெல்லாம் சொல்லமாட்டா. ஏச்சு விழும் என்று ‘ஓம், எல்லாம் எடுக்கிறன்’ என்பா. அதை நம்பி டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டுவார். ஆகவே கிளினிக்குக்கு முதல்நாள் இரவு, அவ சொல்லுகிறபடியே நாலு வரி எழுதி அந்தக் கொப்பிக்குள் வைத்துவிடுங்கள்: எது எடுக்கிறா, எது எடுக்கிறேல்லை, ஏன்.